பேக்கப் டிரைவில் டூப்ளிகேட் ஃபைல்கள்: அழிப்பதற்கு முன்னும் பின்னும்

லேப்டாப் மாற்றும்போது ‘எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல போட்டு வை’ என்று ஒரு காப்பி. போன் மாற்றும்போது இன்னொன்று. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வதற்கு முன் ‘சி டிரைவ் முழுசு’ என்று மூன்றாவது. சில வருடங்களில் அந்த எக்ஸ்டர்னல் டிரைவில் ‘பேக்கப்’, ‘பேக்கப் நியூ’, ‘பேக்கப் லேட்டஸ்ட்’ என்று ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் நான்கு இடத்தில் இருக்கும். இடம் அடைபடுவதை விடப் பெரிய சங்கடம், எந்த ஃபோல்டரில் எல்லாம் முழுமையாக இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போவது. நான்கு காப்பி இருக்கிறதே என்று தைரியமாக இருப்போம். ஆனால் நான்கும் ஒரே டிரைவில்தானே இருக்கின்றன? அது கீழே விழுந்தால் நான்கும் சேர்ந்தே போகும்.

இந்தக் குறிப்புகளை முடிந்தவரை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஆறையும் முடிக்காமல் எந்த ஃபைலையும் அழிக்க வேண்டாம்.

1. முதல் வேலை, இன்னொரு டிரைவ் வாங்குவது. இப்போது இருக்கும் டிரைவ் எவ்வளவு குப்பையாக இருந்தாலும் சரி, அப்படியே முழுதாக ஒரு காப்பி புதியதில் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு தவறாக எதை அழித்தாலும் திரும்ப எடுக்க வழி உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவச் செய்த 3-2-1 விதி இன்றும் பொருந்தும்: மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒரே டிரைவுக்குள் பத்து இடத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கில் அது ஒரு காப்பிதான். காப்பி முடிந்ததும் பழைய ஃபோல்டரையும் புதிய ஃபோல்டரையும் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற வரி மட்டும் வேறுபடலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். 1 டிபி டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதும் குறையல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

2. டூப்ளிகேட் தேடும் மென்பொருள் டிரைவின் பெரும் பகுதியைப் படிக்கும். நோய்ப்பட்ட டிரைவுக்கு அது பெரும் சுமை. எனவே விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டி டிரைவின் உடல்நிலையைப் பாருங்கள். ‘குட்’ என்று நீலத்தில் வந்தால் தொடரலாம். மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால் டூப்ளிகேட் பற்றி அப்புறம் யோசிக்கலாம். குடும்பப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை முதலில் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள்.

3. டிரைவை எந்த போர்ட்டில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். யுஎஸ்பி 3 போர்ட்டில் சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி படிக்கும் என்று வைத்துக்கொண்டால், 1 டிபி முழுவதையும் படிக்க ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் அதே வேலைக்கு 8 மணி நேரம் ஓடிவிடும். பல லேப்டாப்களில் யுஎஸ்பி 3 போர்ட்டின் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும். வேலை முடியும்வரை லேப்டாப் ‘ஸ்லீப்’ போகாதபடி செட்டிங்கை மாற்றிவிட்டு, சார்ஜரையும் செருகி வையுங்கள்.

4. எடுத்த எடுப்பில் டூப்ளிகேட் தேட வேண்டாம். டிரைவின் இடத்தை எது அடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் ட்ரீசைஸ் ஃப்ரீ அல்லது வின்டிர்ஸ்டாட், மேக்கில் கிராண்ட் பெர்ஸ்பெக்டிவ் போதும். பல வீடுகளில் இடத்தை விழுங்குவது ஆயிரக்கணக்கான படங்களாக இருக்காது. கல்யாண வீடியோவும் காது குத்து வீடியோவும் மூன்று மூன்று காப்பியாக இருக்கும். 6ஆம் குறிப்பை முடித்த பிறகு அந்தப் பத்துப் பதினைந்து பெரிய ஃபைல்களைக் கண்ணால் பார்த்துக் கையாலேயே ஒழுங்கு செய்துவிடலாம்.

5. சில ஃபோல்டர்களைத் தொடவே கூடாது.

விண்டோஸின் ‘ஃபைல் ஹிஸ்டரி’ 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்தது. ஒவ்வொரு ஃபைலின் பெயரோடும் தேதியும் நேரமும் சேர்த்துப் பல பதிப்புகளை அது சேமிக்கும். பார்ப்பதற்கு டூப்ளிகேட் போலவே இருக்கும், ஆனால் அவை பழைய பதிப்புகள். இடம் வேண்டுமென்றால் கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரிக்கு உள்ளேயே இருக்கும் ‘கிளீன் அப்’ வழியாக மட்டும் குறையுங்கள்.

மேக்கின் ‘டைம் மெஷின்’ 2007இல் வந்தது. பழைய முறையில் எடுத்த அதன் பேக்கப்பைத் திறந்தால் ஒவ்வொரு தேதியிலும் முழு டிஸ்க்கும் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் மாறாத ஃபைல் டிஸ்க்கில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. ‘ஹார்டு லிங்க்’ என்ற ஏற்பாட்டால் பல தேதிகளிலிருந்தும் அதையே எட்டிப் பார்க்கிறோம். அதில் கைவைத்தால் இடமும் கிடைக்காது, பேக்கப்பும் கெடும். புதிய மேக்குகள் ‘ஸ்னாப்ஷாட்’ முறைக்கு மாறிவிட்டாலும் இந்த எச்சரிக்கை மாறவில்லை.

மேக்கின் போட்டோஸ் லைப்ரரி, லைட்ரூம் கேட்டலாக் பார்த்துக்கொண்டிருக்கும் படங்கள், மென்பொருள் நிறுவிய ஃபோல்டர்கள், புரோகிராம் எழுதுபவர்களின் ப்ராஜெக்ட் ஃபோல்டர்கள் ஆகியவையும் இதே பட்டியல்தான். ஒரே ஃபைல் பல இடத்தில் இருந்தால்தான் இவற்றில் சில வேலை செய்யும்.

6. மிச்சமிருப்பதில் ஒரு தாய் ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். இந்த முழு வேலையிலும் தீர்க்கமான முடிவு இது ஒன்றுதான். எது ஒழுங்காக வருடவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதோ, எதில் அதிகப் படங்கள் இருக்கின்றனவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இனி விதி இதுதான்: தாய் ஃபோல்டரில் எதுவும் அழியாது; மற்ற ஃபோல்டர்களில் இருப்பது தாயிலும் இருந்தால் மட்டுமே வெளியே போகும். இந்த முடிவை எடுக்காமல் மென்பொருளை ஓட்டினால் பாதி ஆல்பம் ஒரு ஃபோல்டரிலும் மீதி வேறொரு ஃபோல்டரிலும் போய் நிற்கும். டூப்ளிகேட் இருந்த நாட்களே பரவாயில்லை என்று தோன்றிவிடும்.

7. மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. டூப்குரு, ச்காவ்கா இரண்டும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அவற்றின் அதிகாரபூர்வ தளங்களிலிருந்து மட்டும் இறக்குங்கள். டூப்குருவில் ஃபோல்டர்களைச் சேர்த்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நார்மல்’, ‘ரெஃபரன்ஸ்’, ‘எக்ஸ்க்ளூடட்’ என்று மூன்று நிலைகள் உண்டு. தாய் ஃபோல்டரை ‘ரெஃபரன்ஸ்’ ஆக்குங்கள். அதன் பிறகு அதில் உள்ள ஃபைலை அழிப்பதற்கு டிக் செய்யவே முடியாது. 5ஆம் குறிப்பில் சொன்னவற்றை ‘எக்ஸ்க்ளூடட்’ ஆக்கிவிடுங்கள்.

தேடும் முறையில் ‘கன்டென்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இத்தகைய மென்பொருள்கள் முதலில் ஒரே பைட் அளவுள்ள ஃபைல்களைப் பிரித்தெடுக்கும். பிறகு அவற்றின் உள்ளடக்கத்தைப் படித்து ‘ஹேஷ்’ என்ற கணக்கைப் போடும். உள்ளே ஒரு பைட் மாறினாலும் அந்தக் கணக்கு மாறிவிடும். பழைய எம்டி5 ஹேஷை வேண்டுமென்றே ஏமாற்ற முடியும் என்று 2004இல் சீனக் கணித வல்லுநர் ஷியாவ்யுன் வாங்கின் குழு காட்டியது உண்மைதான். ஆனால் அது திட்டமிட்ட மோசடிக்கான கவலை. நம் வீட்டுப் படங்களுக்கு அந்த அச்சம் தேவையில்லை.

8. தனித்தனி ஃபைல்களைப் பார்க்கும் முன் முழு ஃபோல்டர்களாக ஒப்பிடுங்கள். டூப்குருவில் ‘ஃபோல்டர்ஸ்’ என்றே ஒரு தேடல் உண்டு. அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் ஃபோல்டர்களை அது காட்டிவிடும். ஐயாயிரம் வரிப் பட்டியல் இருபது வரியாகச் சுருங்கும், தவறு செய்யும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

9. பெயரை நம்பாதீர்கள். பல கேமராக்கள் 0001இலிருந்து 9999 வரை எண்ணிவிட்டு மீண்டும் 0001க்கே வரும். 2012 பொங்கலில் எடுத்த படமும் 2016 கொடைக்கானல் பயணத்தில் எடுத்த படமும் ‘ஐஎம்ஜி 0231’ என்று ஒரே பெயரில் இருக்கலாம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போடும்போது விண்டோஸ் ‘ரீப்ளேஸ்’ செய்யவா என்று கேட்கும். அவசரத்தில் ‘ஆமாம்’ என்று அழுத்தினால் ஒரு நினைவு காணாமல் போகும். சந்தேகமாக இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுங்கள். மறுபுறம், இறுதியில் ‘(1)’ என்றோ ‘காப்பி’ என்றோ இருக்கும் ஃபைல்கள் எல்லாமே டூப்ளிகேட் என்றும் நினைக்க வேண்டாம்.

10. தேதியும் ஏமாற்றும். விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி எடுத்தால் ‘கிரியேட்டட்’ தேதி காப்பி எடுத்த நாளாக மாறும். ‘மாடிஃபைடு’ தேதி பழையபடியே இருக்கும். அதனால்தான் 2023இல் பிறந்த ஃபைல் 2011இல் திருத்தப்பட்டதாக விசித்திரமான தகவல் தெரிகிறது. படம் எடுத்த உண்மையான தேதி வேண்டுமானால் ப்ராப்பர்ட்டீஸில் ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘டேட் டேக்கன்’ என்ற வரியைப் பாருங்கள். ‘புதியதை வைத்துக்கொண்டு பழையதை அழி’ என்று மென்பொருளிடம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லாமல் இருக்க இந்த ஒரு காரணம் போதும்.

11. ஒரே பெயர், ஒரே அளவு, ஆனால் ஹேஷ் வேறு என்று இரண்டு படங்கள் கண்ணில் பட்டால் அங்கே நிதானியுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று கெட்டுப்போயிருக்கும். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கியிருந்தால் ஃபைல் சில சமயம் முழு அளவையே காட்டும், உள்ளே பாதிதான் இருக்கும். ஃபோல்டரில் சின்னதாகப் பார்க்கும்போது படம் நன்றாகவே இருக்கும். ‘தம்ப்நெய்ல்’ என்பது ஃபைலுக்குள் தனியாக இருக்கும் சிறு படம். முழு அளவில் திறந்தால்தான் உண்மை தெரியும். மேலே மண்டபத்தின் தோரணமும் மணமக்களின் முகமும் தெளிவாக இருக்கும், மாலைக்குக் கீழே எல்லாம் வெறும் சாம்பல் நிறம். பெயரையும் அளவையும் மட்டும் ஒப்பிட்டு அழிப்பவர்கள் நல்ல படத்தை அழித்துவிட்டு இந்தச் சாம்பல் படத்தை வைத்துக்கொள்ள நேரிடும். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் ஃபைலை ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 கணக்கைப் பார்க்கலாம். ச்காவ்காவில் பழுதான படங்களையும் பிடிஎஃப்களையும் தேட ‘புரோக்கன் ஃபைல்ஸ்’ என்ற பகுதி உண்டு. நான்கு காப்பிகள் சேர்ந்துவிட்டதற்கு உண்மையான பயன் ஒன்று இருக்குமென்றால் இதுதான்: கெட்டுப்போனதற்கு மாற்றாக நல்லதொன்று வேறு ஃபோல்டரில் கிடைக்கலாம். அதனால்தான் அழிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடச் சொல்கிறேன்.

12. வாட்ஸ்அப் படங்களின் பெயரில் தேதியும் ‘டபிள்யூஏ’ என்ற எழுத்துகளும் இருக்கும். சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி, இடம் போன்ற தகவல்களையும் நீக்கிவிடும். எனவே கேமரா படமும் அதன் வாட்ஸ்அப் காப்பியும் கண்ணுக்கு ஒன்றுதான், ஹேஷுக்கு வேறு வேறு. கேமரா படம் கையில் இருக்கிறது என்று உறுதியான பிறகே வாட்ஸ்அப் காப்பியை விடுங்கள். உறவினர் அனுப்பிய படங்களுக்கு மூலம் நம்மிடம் இருக்காது. தாத்தாவின் கடைசிப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது மட்டுமே என்றால் அதுவே மூலப்படம். ‘சென்ட்’ ஃபோல்டரில் இருப்பவை நாம் அனுப்பியவை. பெரும்பாலும் அதைத் தாராளமாகக் குறைக்கலாம். காலை வணக்கப் படங்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

13. ‘ஒரே மாதிரியான படங்கள்’ என்று தேடித் தரும் வசதி இரண்டு மென்பொருளிலும் இருக்கிறது. அதன் பட்டியலை மொத்தமாக அழிக்காதீர்கள். ஒரே நொடியில் எடுத்த ஐந்து படங்களில் ஒன்றில் மட்டும் பாட்டி கண் திறந்திருப்பார். மென்பொருளுக்கு ஐந்தும் ஒன்றுதான். ஐபோன் ‘லைவ் போட்டோ’வில் ஒரே பெயரில் ஒரு படமும் ஒரு சிறு வீடியோவும் இருக்கும்; இரண்டும் ஜோடி. கேமராவின் ‘ரா’ ஃபைலும் ஜேபெக்கும் அப்படித்தான்.

14. கூகுள் போட்டோஸிலிருந்து ‘டேக்அவுட்’ வழியாக இறக்கியவர்களுக்கு: ஆல்பத்தில் போட்ட படம் வருட ஃபோல்டரிலும் வரும், ஆல்பம் ஃபோல்டரிலும் வரும். வருட ஃபோல்டர்களைத் தாயாக வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் ஃபோல்டர்களைக் காலி செய்தால் எந்தப் படம் எந்த ஆல்பத்தைச் சேர்ந்தது என்ற விவரம் போய்விடும். அது வேண்டுமென்றால் முதலில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் குறித்து வையுங்கள். படங்களுடன் வரும் ‘ஜேசன்’ ஃபைல்களைக் குப்பை என்று வீச வேண்டாம். தேதியும் நாம் எழுதிய குறிப்புகளும் அவற்றில் இருக்கின்றன.

15. பாட்டுகளில் படத்தின் பெயரையோ பாடியவர் பெயரையோ திருத்தியிருந்தால் அதுவும் ஃபைலுக்குள்ளேயே எழுதப்படும், ஹேஷ் மாறும். டூப்குருவில் ‘மியூசிக்’ முறையில் தனியாகத் தேடுங்கள்.

16. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இரண்டு சிக்கல்கள் கூடுதலாக உண்டு. யூனிகோடில் ‘பொ’ என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய மேக்கின் ஃபைல் அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கே ஜிப் செய்த ‘பொங்கல் 2015’ ஃபோல்டரை விண்டோஸில் பிரித்தால், ஏற்கெனவே அதே பெயரில் ஃபோல்டர் இருந்தாலும் பக்கத்திலேயே இன்னொரு ‘பொங்கல் 2015’ வந்து நிற்கும். உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் கட்டுரைகளும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைத்திருந்தாலும் மூல ஃபைலையும் வைத்திருங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் பிறழ்ந்திருந்தால் சரிபார்க்க அது வேண்டும். அந்த எழுத்துரு ஃபைலையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கடிதம் வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும்.

17. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று நிற்கும் வேர்டு ஃபைல்கள் டூப்ளிகேட் அல்ல, பதிப்புகள். அவை எடுக்கும் இடம் மிகக் குறைவு. விட்டுவிடுங்கள்.

18. ஜிப் ஃபைலுக்குள் இருக்கும் படங்களை இத்தகைய தேடல் பார்ப்பதில்லை. பழைய ஜிப்களைப் பிரித்துப் பார்த்த பிறகே தேடலை ஓட்டுங்கள். பூஜ்ஜியம் பைட் ஃபைல்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று டூப்ளிகேட்டாகத் தெரியும். சில கேபி அளவுக்குக் கீழானவற்றைத் தேடலிலிருந்தே விலக்கினால் பட்டியல் சுத்தமாக வரும்.

19. பட்டியல் தயாரானதும் ‘டெலிட்’ அழுத்தாதீர்கள். அதே டிரைவில் ‘பரண்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து, டிக் செய்தவற்றை அங்கே ‘மூவ்’ செய்யுங்கள். டூப்குருவில் மூவ் செய்யும்போது பழைய ஃபோல்டர் அமைப்பையும் அப்படியே உருவாக்கும் வசதி செட்டிங்கில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பின்னாலும் தெரியும். ஒரே டிரைவுக்குள் மூவ் செய்வது சில நொடி வேலைதான். இரண்டு மூன்று மாதம் பரணில் இருக்கட்டும். அதற்குள் வீட்டில் யாராவது ‘அந்தப் படம் எங்கே?’ என்று கேட்டால் தேடிப் பாருங்கள். தாய் ஃபோல்டரிலேயே கிடைத்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. ஒருவரும் எதையும் தேடாமல் நாள் கடந்தால் பரணைக் காலி செய்யலாம்.

20. காலி செய்த பிறகும் இடம் கூடவில்லை என்றால் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் அழித்தது பெரும்பாலும் அந்த டிரைவிலேயே மறைந்திருக்கும் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். பென் டிரைவில் அப்படி இல்லை. அழித்தால் நேராகப் போய்விடும். இந்த வித்தியாசம் தெரியாமல் பென் டிரைவில் சோதனை செய்ய வேண்டாம்.

21. இனிமேல் டூப்ளிகேட் சேராமல் இருக்க, இழுத்துப் போட்டுக் காப்பி எடுப்பதை நிறுத்துங்கள். ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற மென்பொருள் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, புதியதையும் மாறியதையும் மட்டும் எடுக்கும். அதில் ‘அப்டேட்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ‘மிரர்’ முறையில் லேப்டாப்பில் தவறி அழித்தது பேக்கப்பிலும் அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் அது காட்டும் பட்டியலை ஒரு பார்வை பாருங்கள்.

ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முறை நேரத்தை உள்ளூர் நேரமாகவே எழுதும். துபாயில் எடுத்த பேக்கப்பை ஊரில் வந்து ஒப்பிட்டால் எல்லா ஃபைலும் ஒன்றரை மணி நேர வித்தியாசத்தில் மாறியதாகத் தோன்றும். அப்போது தேதியை விட்டு உள்ளடக்கத்தால் ஒப்பிடச் சொல்லுங்கள். ஃபேட்32இல் 4 ஜிபிக்குப் பெரிய வீடியோவும் ஏறாது. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துவோர் என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாறிவிடலாம். டிரைவை ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது முழுவதும் போகும் என்பதால் 1ஆம் குறிப்பின் காப்பி கையில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

ரெஸ்டிக், போர்க் போன்றவை ஃபைல்களைத் துண்டு துண்டாக்கி, ஒரே துண்டை இரண்டாம் முறை சேமிக்காமலே பேக்கப் எடுக்கும். திறமையான மென்பொருள்கள்தான். ஆனால் திரும்ப எடுக்க அதே மென்பொருளும் பாஸ்வேர்டும் வேண்டும். வீட்டுப் படங்களுக்கு யார் செருகினாலும் திறக்கும் சாதாரண ஃபோல்டர்களே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். குடும்பத்தில் கணினி தெரிந்த ஒருவரை மட்டும் நம்பி நினைவுகள் இருக்கக் கூடாது.

22. போனிலிருந்து இறக்கும்போது ‘2024-06’ என்பதுபோல வருடமும் மாதமும் சேர்த்த ஃபோல்டருக்கு நேராகப் போடுங்கள். இறக்கிய மாதத்தை அந்த வாரமே இரண்டாவது டிரைவிலும் ஏற்றிவிடுங்கள். அதுவரை போனில் இருப்பதை அழிக்க வேண்டாம்.

23. கடைசியாக, தாய் ஃபோல்டர் எது, பரண் எந்தத் தேதியில் உருவானது, இரண்டாவது டிரைவ் யாரிடம் இருக்கிறது, அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நான்கு விவரங்களையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, டிரைவைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் வையுங்கள். ஃபைலின் பெயர் ‘முதலில் படிக்கவும்’ என்றே இருக்கட்டும்.